மூன்றாவது பெடல்

எங்கள் வீட்டில் காரை ஓட்டுவது அப்பா, கியர் மாற்றுவது நான். அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அப்பா கிளச்சை மிதித்துக்கொண்டு "ரெண்டு" என்பார். நான் இடப்பக்க இருக்கையிலிருந்து வலது கையை நீட்டி கியர்க் கம்பியை இரண்டுக்கு இழுப்பேன். "மூணு" என்பார். மூன்றுக்குத் தள்ளுவேன். கியர் ஒருமுறைகூட கர்ரென்று கத்தியதில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கத்தும்போதெல்லாம் "வண்டிக்குத் தொண்டை சரியில்ல" என்பாரே தவிர, அப்பா என்னைக் குறை சொன்னதில்லை. அம்மா உடன் வந்தால் முன்னிருக்கை அவருக்குப் போய்விடும். நான் பின்னால் உட்கார்ந்து, ஆள் துணையில்லாமல் அப்பா எப்படிச் சமாளிக்கிறாரோ என்ற கவலையோடு வருவேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் மூலை வீடு எங்களுடையது. அப்பா துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றும் டிரேலர் ஓட்டினார். அந்த லோரியில் எங்கள் காரைவிட இரண்டு மடங்கு கியர் உண்டு என்று அவர் சொன்ன நாளிலிருந்து, பெரியவளானதும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். டாக்டராகப் போகிறேன் என்று பள்ளியில் சொல்வதெல்லாம் டீச்சரைத் திருப்திப்படுத்த.

வீட்டின் பக்கவாட்டில், துணி காயப்போடும் கொடிக்கு அப்பால், தார்ப்பாய் மூடிய இன்னொரு கார் இருந்தது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடம்பு. அப்பா கல்யாணத்துக்கு முன், ஓவர்டைம் பார்த்துப் பார்த்து வாங்கிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். எனக்குத் தெரிந்து அது நகர்ந்ததே இல்லை. எஞ்சின் இறுகிப்போய், தரைத்தகடு துருவேறி, உள்ளே பூனைகள் தலைமுறை தலைமுறையாகக் குட்டி போட்டுக்கொண்டிருந்தன. கல்யாணத்தன்று கோயிலிலிருந்து அம்மாவை அதில்தான் அழைத்து வந்தாராம். பாதி வழியில் நின்றுவிட, பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மாவும் இறங்கித் தள்ளினாராம். அதை அம்மா மன்னிக்கவேயில்லை. அந்தக் காருக்கு அவர் வைத்திருந்த பெயர் சனியன்.

"ஒருநாள் இதை எழுப்பிக் காட்டுறேன் பாரு" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்வதோடு சரி.

அந்த வருடம் அப்பாவின் இடது காலில் ஒரு புண் வந்தது. புது பூட்ஸ் கடித்ததில் வந்த சின்னக் கொப்புளம்தான். ஆனால் அப்பாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. கொப்புளம் புண்ணாகி, புண் ஆழமாகி, விரல்கள் நிறம் மாறி, அப்பா வேலைக்குப் போவது நின்றது. காலில் வெள்ளைக் கட்டோடு, கைலியில், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்பா மாட்டவே மாட்டேன் என்றார். கிளச் மிதிக்கிற காலைக் கொடுத்துவிட்டு, வீட்டில் மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு உயிர் எதற்கு என்று கேட்டாராம். ஆஸ்பத்திரியில் தேதி கொடுப்பார்கள், அந்தத் தேதியில் அப்பா நாற்காலியை விட்டு எழமாட்டார்.

இதெல்லாம் பின்னாளில் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: அப்பா காலில் புண், ஆறினதும் வேலைக்குப் போய்விடுவார். நான் அதை நம்பினேன். எனக்கும் முழங்கையில் ஒரு புண் இருந்தது. அது ஆறிக்கொண்டுதான் இருந்தது.

ஒருநாள் அம்மா அழுது, ரவாங்கிலிருந்து சித்தப்பா வந்து, இருவரும் சேர்ந்து கெஞ்சியபோது, அப்பா சன்னலுக்கு வெளியே தார்ப்பாயைப் பார்த்தபடி, "அந்தக் காரு ஓடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாராம். பேச்சை வெட்டுவதற்காகச் சொன்னது. அந்தக் கார் ஓடட்டும் என்பதும், ஆஸ்பத்திரிக்கு எப்போதும் போகமாட்டேன் என்பதும் ஒன்றுதான் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். சித்தப்பா மட்டும் அதை வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கையுறைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியன். கல்யாணமாகவில்லை, அதிகம் பேச்சும் கிடையாது. கார் வேலை அவருக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஒன்றைக் கழற்றினால் திருப்பி மாட்டிவிடுவார். ஆனால் கடைசியில் கையில் இரண்டு போல்ட் மிஞ்சும். அந்தச் சனிக்கிழமையே வந்து தார்ப்பாயை இழுத்தார். பூனைகள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போயின.

அதற்கு அடுத்த வாரம் எஞ்சின் வாங்கக் கிளம்பினார். நானும் வருவேன் என்று அடம் பிடித்து, அவருடைய நண்பரின் லோரியில் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். ரவாங் பக்கம், பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தகர வேலி போட்ட பெரிய இடம். உள்ளே நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பாதிக் கார்கள். ஜப்பானில் ஓடி முடித்த கார்களை, ரொட்டியை வெட்டுவதுபோல நடுவில் வெட்டி, முன் பாதியை மட்டும் கப்பலில் அனுப்பிவிடுவார்கள். நம்மூரில் அதற்கு ஹாஃப்கட் என்று பெயர். எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், மீட்டர், ஏர்கான் எல்லாம் அந்தப் பாதிக்குள்ளேயே இருக்கும். பழைய காருக்கு உயிர் கொடுக்க நினைப்பவர்கள் அதிலிருந்து உருவிக்கொள்ளலாம். விளக்குகளும் முகமும் இருந்து முதுகு இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். மிச்சப் பாதிகள் ஜப்பானில் என்ன செய்துகொண்டிருக்கும் என்று கேட்டேன். சித்தப்பா அதற்குள் கடைக்காரரைத் தேடிப் போயிருந்தார்.

கடை முதலாளி ஒரு வயதான சீனர், தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். கிள்ளானில் வளர்ந்தவராம், தமிழ் பேசினார். சித்தப்பாவின் கைப்பேசியில் எங்கள் காரின் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வாஹ், இந்தக் காரா! தம்பி, நல்ல மேனுவல் ஒண்ணு இருக்கு. அஞ்சு கியர். போட்டா பறக்கும் லா."

"இல்ல பாஸ். எனக்கு ஆட்டோ கியர் வேணும்."

தவுக்கே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு டோர் காருக்கு ஆட்டோவா? ஆட்டோ போட்டா அது ஆன்டி பாசாருக்குக் காய் வாங்கப் போற காரு. சனங்க சிரிக்கும்."

எனக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துப்போனது. நான் சொல்ல நினைத்ததை அவர் சொல்லிவிட்டார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு அவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய், மலாயில் மெல்லப் பேசினார். பேசும்போது தன் இடது முழங்காலுக்குக் கீழே கையால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். சித்தப்பாவுக்கு மூட்டுவலி போலிருக்கிறது என்று நினைத்தேன். தவுக்கே அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. அந்த வயதில் தானே ஏணியில் ஏறி, மேலே இருந்த ஒரு வெள்ளை ஹாஃப்கட்டை இறக்கச் சொன்னார். குனிந்து குனிந்து எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தார். எங்கள் லோரியில் ஏற்றியதும், கேட்காமலேயே நல்ல ரேடியேட்டர் ஒன்றையும் தூக்கி உள்ளே வைத்தார். என்னிடம் ஒரு பாக்கெட் சோயாபால் கொடுத்தார். மூட்டுவலிக்காரர்கள்மேல் சீனர்களுக்கு இவ்வளவு பரிவா என்று வியந்துகொண்டே குடித்தேன்.

பாதிக் கார் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் அம்மா அதற்கு ஆரத்தி எடுக்காததுதான் குறை. அதன் மீட்டர் பலகைக்குக் கீழே, பட்டுத்துணியில் தைத்த சின்னத் தாயத்து ஒன்று தொங்கியது. ஜப்பான் எழுத்து. சித்தப்பா அதைப் பிய்த்துப் போடப் போனார். "போடாதீங்க தம்பி, அது யாரோ ஒரு சாமி. இவ்ளோ தூரம் கூட வந்திருக்கு" என்று அம்மா வாங்கி, பூசை அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்.

அம்மாவின் மாற்றம்தான் எனக்குப் புரியவேயில்லை. பல வருடங்களாகச் சனியன் என்று திட்டிய காருக்கு அவர் இப்போது டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். துணிக்கொடியை அவிழ்த்து இடம் விட்டார். மைலோ கலக்கிக்கொண்டு வந்து, சித்தப்பா குடிக்கிறாரா என்றுகூடப் பார்க்காமல், "எப்ப முடியும் தம்பி? எப்ப முடியும்?" என்று கேட்பார். அம்மாவுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று என் தோழியிடம் சொன்னேன். தன் அம்மாவுக்கு நாடகப் பைத்தியம் என்று அவள் ஆறுதல் சொன்னாள்.

அப்பா பக்கவாட்டுக்கு வருவதில்லை. அந்தக் காலோடு கற்களில் நடக்க முடியாது. கூடத்து சன்னல் கம்பி வழியாகவே கட்டளைகள் வரும்.

"டேய், கிளச் கேபிள் பாத்தியா? புதுசு போட்டுரு."

"பாத்துட்டேண்ணே."

"கிளச் பிளேட்டு?"

"நல்லா இருக்குண்ணே."

இல்லாத கேபிளையும் இல்லாத பிளேட்டையும் பற்றி இருவரும் இப்படி ரொம்ப அன்பாகப் பேசிக்கொண்டார்கள். சித்தப்பா பொய் சொல்லி நான் கேட்டது அப்போதுதான் முதல்முறை. பொய் சொல்லும்போது அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

வேலை ஒழுங்காகப் போயிற்று என்று சொல்ல மாட்டேன். ஆட்டோ கியர்பாக்ஸ் பானை வயிறு மாதிரி இருந்தது. பழைய காரின் ஒடுக்கமான நடுப்பகுதியில் அது உட்காரவில்லை. தகட்டை அறுத்து, அகலப்படுத்தி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட தண்டை வெட்டி அளவு சரிசெய்ய வேண்டும். சித்தப்பா அளந்து, அளந்ததை இன்னொருமுறை சரிபார்த்து, மிகவும் கவனமாகக் குட்டையாக வெட்டிவிட்டார். அதற்காக இன்னொரு தண்டு தேடி மறுபடியும் ரவாங்குக்கு ஓடினார். ஹாஃப்கட்டின் இருக்கைகள் சாம்பல் நிறம், எங்கள் காரின் கதவு உள்பக்கம் சிவப்பு. ரேடியோ ஜப்பான் மொழியில் எழுந்தது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அது இருமி, புகைவிட்டு, உயிர்பெற்றது. சன்னலுக்குள் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அப்பா அழுது நான் அப்படிப் பார்த்ததில்லை.

அதற்கு மறுவாரம்தான் அது நடந்தது. சித்தப்பா ஓட்டுநர் இருக்கையின் முன்னால் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, கிரைண்டரால் எதையோ அறுத்தார். தீப்பொறி தெறித்தது. இரும்புத் துண்டு ஒன்று டங்கென்று விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். கிளச் பெடல்.

"சித்தப்பா, இது உடைஞ்சிருச்சு."

"உடையல பாப்பா. எடுத்துட்டேன். இனிமே வேணாம்."

"அப்ப கியர் எப்படி மாத்துறது?"

"அதுவே மாத்திக்கும்."

"அப்ப நான்?"

சித்தப்பா கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு, "நீ ஹார்ன் அடி" என்றார்.

ஹார்ன்! அதை எந்தக் குழந்தையும் அடிக்கும். புதுக் கியர்க் கம்பியைப் பார்த்தேன். அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசையே இல்லை. என்னென்னவோ எழுத்துகள் இருந்தன. கடைசியில் போனால்போகிறது என்று ஒரு 2. அப்பாவிடம் சொல்லப் போகிறேன் என்றேன். சித்தப்பா எழுந்து, கிரீஸ் கையால் என் தோளைப் பிடித்து, "சொல்லக்கூடாது பாப்பா. சத்தியம் பண்ணு. அப்பாவுக்கு சர்ப்ரைஸ்" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. கிரைண்டர் தூசி என்று நினைத்தேன். சத்தியம் பண்ணினேன். ஆனால் பெடலை எடுத்துப் போய் என் புத்தகப் பையில் வைத்துக்கொண்டேன். அதன் ரப்பர் ஒரு மூலையில் மட்டும் தேய்ந்து மழமழவென்றிருந்தது. அப்பாவின் செருப்புத் தேய்வதும் அதே மூலைதான்.

சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் வீட்டில் அன்று புத்தகங்களோடு ஆயுதங்களும் வைப்பது வழக்கம். அப்பாவின் டிரேலர் சாவி, ஜாக்கி, டார்ச், அம்மாவின் தையல் கத்தரிக்கோல், சித்தப்பாவின் ஸ்பேனர்கள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சிவப்புத் துணி விரித்து அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். பொட்டு வைப்பது என் பொறுப்பு. யார் எந்தப் பொருளை வைத்தாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. அவரவர் பிழைப்பு எதில் இருக்கிறதோ அதை வைக்கலாம். நான் கணக்குப் புத்தகத்தை வைத்தேன். அதன்மேல் கிளச் பெடலை வைத்தேன். ரப்பரில் பெரிதாக ஒரு பொட்டு.

நான் சத்தியத்தை மீறவில்லை என்பதில் எனக்கு அப்போது எந்தச் சந்தேகமும் இல்லை. அப்பாவிடம் நான் ஒன்றுமே சொல்லவில்லை. அப்பா பார்ப்பார், சித்தப்பாவைத் திட்டுவார், பெடல் திரும்ப வந்துவிடும். இதுதான் திட்டம்.

அப்பா கோலூன்றி வந்து பூசை அறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா கற்பூரம் ஏற்றினார். சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பாவின் கண் பொருள்கள்மேல் வரிசையாகப் போய், பெடலில் நின்றது. குனிந்து அதை எடுத்தார். கட்டைவிரலால் அந்தத் தேய்ந்த மூலையைத் தடவினார். விரலில் குங்குமம் ஒட்டியது.

"இது ஏன் இங்க இருக்கு?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன், இதோ விழப்போகிறது திட்டு என்று. சித்தப்பா, "அண்ணே..." என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "உனக்கும் தெரியுமா?"

அம்மா கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். "தெரியும். தம்பி மேல கோபப்படாதீங்க. நான்தான் செய்யச் சொன்னேன். எனக்கு முழுசா வேணாங்க. நீங்க இருந்தா போதும்."

அந்த வாக்கியம் எனக்கு விளங்கவில்லை. முழு கார் வேண்டாம், பெடல் குறைந்தாலும் பரவாயில்லை என்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டேன். சனியன் என்று சொன்னவர் இவ்வளவு தூரம் இறங்கி வந்தது எனக்கே வியப்பாக இருந்தது.

அப்பா திட்டவில்லை. பெடலை வைத்த இடத்திலேயே வைத்தார். தட்டிலிருந்து திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு, கோலூன்றி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சித்தப்பா சுண்டல்கூடச் சாப்பிடாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். என் திட்டம் எங்கே பிசகியது என்று எனக்குத் தெரியவில்லை. சுண்டலை நானே சாப்பிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. காலையில் அப்பா கைலியை மாற்றிக் கால்சட்டை போட்டிருந்தார். சித்தப்பாவைப் போன் பண்ணி வரச் சொல்லியிருந்தார். கற்களின்மேல் சித்தப்பா, அம்மா இருவர் தோளிலும் கைபோட்டு நடந்து போய், காரில் ஏறினார். கட்டுப் போட்ட இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருந்தது. கீழே பார்த்தார். இரண்டே பெடல்.

"ரோட் டேக்ஸ் இல்லண்ணே. இன்னும் இன்ஸ்பெக்‌ஷன் போகல" என்றார் சித்தப்பா. "எஞ்சின் மாத்தினா கொண்டுபோய் காட்டணும். தேதி வாங்கணும்."

"பின்னால ஃபேக்டரி ரோட்டுல ஒரு ரவுண்டு. அவ்ளோதான்." அப்பா என்னைப் பார்த்தார். "ஏறு. என்ன பாக்குற?"

ஏறினேன். அம்மா நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். நசுக்கிக்கொண்டு கார் நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஃபேக்டரி சாலை வெறிச்சோடியிருந்தது. முதல் முனையில் திரும்பும்போது அப்பாவின் இடது கால் தானாகத் தரையைப் போய் மிதித்தது. ஒன்றுமில்லாத இடத்தில், கட்டுப் போட்ட புண்ணோடு. வலியில் அவர் பல்லைக் கடித்தார். ஆனாலும் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"ரெண்டு."

என் கை அதற்காகவே காத்திருந்தது. கம்பியைப் பிடித்து, அந்தப் போனால்போகிற 2-க்கு இழுத்தேன். எஞ்சின் அலறியது. கார் யாரோ வாலைப் பிடித்து இழுத்ததுபோலக் குலுங்கி, நாங்கள் இருவரும் முன்னால் போய் வந்தோம். அப்பா பிரேக்கை மிதித்து நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பல மாதங்களாக நான் கேட்காத சிரிப்பு.

"இனிமே அது தானா மாத்திக்கும்மா" என்றார். "நீ சும்மா புடிச்சுக்கோ. கைய மட்டும் எடுத்துராத."

பிறகு ஒன்று செய்தார். இடது காலைக் கையால் பிடித்து, மடக்கி, இருக்கைக்கு அடியில் முடிந்தவரை உள்ளே தள்ளிவைத்தார். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. வலது காலால் மட்டும் ஓட்டினார். ஒரு சுற்று என்றவர் நிறையச் சுற்று போனார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. வளைவுகளில், பிரேக் போட்டு, பின்னால் எடுத்து, எல்லா விதமாகவும். இடது கால் அடியிலேயே இருந்தது. அரிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் வாசலில் நின்ற அம்மாவிடம், "புதன்கிழமை வரோம்னு போன் பண்ணிச் சொல்லிரு" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். சித்தப்பா காரின் கூரைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தேதி வாங்குகிறார்கள். காரைப் பாஸ் பண்ணிவிட்டால் ரோட் டேக்ஸ், அப்புறம் எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

அந்தக் காரை அப்பா இன்றும் ஓட்டுகிறார். போன மாதம் செமினியில் என் வீட்டுக்கு அதில்தான் வந்தார், செயற்கைக் காலைக் கழற்றிப் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு. சில நாள் இல்லாத அந்தக் கால் கிளச்சைத் தேடுகிறது என்று சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தப் புதன்கிழமை அவர் போகாமல் இருந்திருந்தால் என்று நான் யோசிக்க ஆரம்பித்தால் எனக்குத் தூக்கம் வராது.

புதன்கிழமை காலை நான் பள்ளி வேனுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா நாங்கள் வழக்கமாகப் போகும் காரை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். அம்மா ஒரு துணிப்பையையும் ஃபிளாஸ்கையும் பின்னால் வைத்தார். பையில் அப்பாவின் கைலிகள் இருந்தன. இன்ஸ்பெக்‌ஷனில் ரொம்ப நேரம் காக்க வைப்பார்கள் போலும். அப்பா முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சட்டென்று நினைவு வந்து, பூசை அறைக்கு ஓடி, பெடலை எடுத்துக்கொண்டு வந்து சன்னல் வழியாக அவர் மடியில் வைத்தேன். பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது.

"அப்பா, அங்க பெரிய ஆளுங்க இருப்பாங்கல்ல. இதத் திருப்பி ஒட்ட வைக்க முடியுமான்னு கேளுங்க."

சித்தப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா பெடலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை வெளியே நீட்டி என் தலையைத் தடவினார்.

"கேட்டுப் பாக்குறேம்மா" என்றார்.

கார் முனை திரும்பும்வரை கையசைத்தேன். மனசு லேசாகிவிட்டது. அப்பா கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். மாலையில் நான் வரும்போது மூன்று பெடலும் இருக்கும். வேன் வந்தது. ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, எங்கள் வீட்டைப் பார்த்தேன். நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் கற்களின்மேல் கிடந்தன. அவற்றுக்கு அப்பால், துணிக்கொடி இருந்த இடத்தில், நீண்ட மூக்கோடு அந்த ஸ்போர்ட்ஸ் கார் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனவர்கள் காரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே என்று எனக்குத் தோன்றவே இல்லை.